ஒரு பழைய பகடிப் பாடல் கேசட்டை மீண்டும் கேட்க நான் பட்ட பாடு

‘வியர்ட் ஆல்’ யாங்கோவிக் 1984 பிப்ரவரியில் வெளியிட்ட ‘இன் 3-டி’ என்ற நகைச்சுவை ஆல்பத்தை, பல ஆண்டுகளுக்குப் பிறகு, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை நிதானமாக உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று சென்ற கோடையின் முடிவில் எனக்கு ஆசை வந்தது. அந்த ஆசை நிறைவேறுவதற்குள் நானூறு டாலருக்கு மேல் கையை விட்டுப் போனது. ஒரு குளிர்காலம் முழுவதும் கழிந்தது. பல நாள் தூக்கமும் கெட்டது. பழைய கேசட்டுகளையும் இசைத்தட்டுகளையும் பரணில் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மவர்களில் ஏராளம். என்றாவது ஒரு நாள் அவற்றை எடுத்துக் கேட்கலாம் என்று நினைப்பவர்கள் அதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்ல எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

யாங்கோவிக்கை அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். புகழ்பெற்ற பாப் பாடல் ஒன்றின் மெட்டையும் வாத்திய அமைப்பையும் அப்படியே வைத்துக்கொண்டு, சொற்களை மட்டும் முழுவதும் மாற்றி, சம்பந்தமே இல்லாத ஒரு பொருளைப் பாடுவது இவருடைய கலை. தெருச் சண்டையை விட்டு விலகிப் போகச் சொல்லும் மைக்கேல் ஜாக்சனின் ‘பீட் இட்’, இவரிடம் வந்ததும் தட்டில் இருப்பதைச் சாப்பிடச் சொல்லும் ‘ஈட் இட்’ ஆகிவிடுகிறது. அந்தப் பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 12-ஆம் இடம் வரை ஏறியதுடன், சிறந்த நகைச்சுவைப் பதிவுக்கான கிராமி விருதையும் பெற்றுத் தந்தது. ஆல்பத்தில் மொத்தம் 11 பாடல்கள். ஐந்து நேரடிப் பகடிகள், ஐந்து அவருடைய சொந்தப் பாடல்கள், இவற்றோடு புகழ்பெற்ற ராக் பாடல்கள் பலவற்றைப் போல்கா என்ற ஐரோப்பிய நடன இசையின் தாளத்தில் கோத்த ஒரு கதம்பம்.

1985-இல் நான் காரைக்குடியிலிருந்து கிளீவ்லாந்துக்கு மேற்படிப்புக்காக வந்தேன். ஆய்வகத்தில் உடன் வேலை செய்த ஒருவர் ஊர் மாறிப் போகும்போது ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கேசட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார். அவற்றில் ஒன்று இது. மைக்கேல் ஜாக்சன் என்ற பெயர் அதற்கு முன்பே தெரியும் என்றாலும் ‘பீட் இட்’ பாட்டை முழுமையாகக் கேட்டதில்லை. நான் முதலில் மனப்பாடம் செய்தது பகடியைத்தான். மூலப் பாட்டைப் பிறகு கடை ஒன்றில் கேட்டபோது, இதில் ஏன் சாப்பாட்டைப் பற்றி ஒன்றுமே இல்லை என்று திகைத்து நின்றது இன்னும் நினைவிருக்கிறது. அந்த முதல் பனிக்காலத்தில் வீட்டு நினைவு வாட்டிய மாலைகளில் இந்தக் கேசட்டுதான் எனக்குத் துணையாக இருந்தது. நம்முடைய ஐம்பது, அறுபதுகளின் திரைப்பாடல்களில் கேட்டுப் பழகிய அக்கார்டியன் ஒலி அதில் திரும்பத் திரும்ப வந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கு இந்த ஆல்பத்தின் மேல் இருக்கும் பற்று இத்தகையது என்பதைச் சொல்லிவிட்டால், இத்தனை பணத்தையும் காலத்தையும் இதற்கு ஏன் செலவழித்தேன் என்ற கேள்வி எழாது.

முதல் இடி கேசட் டெக்கில் விழுந்தது. பல ஆண்டுகளாக அலமாரியில் கிடந்த நல்ல தரமான டெக் அது. மின்சாரம் கொடுத்ததும் விளக்கு எரிந்தது, மோட்டார் சுழலும் ஒலியும் கேட்டது. கேசட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்தினேன். முதல் பாட்டின் தாளம் அரை நிமிடம் சரியாக வந்தது. பிறகு குரல் இழுபட்டு, தடித்து, நின்றே போனது. மூடியைத் திறந்தபோது பழுப்பு நிற டேப் ரப்பர் உருளையைச் சுற்றி இறுகிப் போயிருந்தது. கத்தரிக்கோலைத் தொடாமல், உருளையைக் கையால் பின்பக்கமாகத் திருப்பித் திருப்பி அதை விடுவித்து, பென்சிலை விட்டுச் சுற்றி உள்ளே இழுத்துக்கொண்டேன். ஆனால் கசங்கிய இடம் கசங்கியதுதான். அந்தக் கேசட்டில் ‘ஈட் இட்’ பாட்டின் நடுவில் இன்று ஒரு நடுக்கம் இருக்கிறது, அது இனிப் போகாது. அன்று இரவு நான் அழுதுவிட்டேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இதற்கான காரணத்தை ஒரு வயதான மின்னணுப் பொறியாளர் பிறகு விளக்கினார். கேசட் டெக்குக்குள் இருக்கும் ரப்பர் பெல்ட்டுகள் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் காலப்போக்கில் கெடும். சில வெறுமனே தொய்ந்துபோகும். சில கறுப்புத் தாராக உருகிப் பற்சக்கரங்களில் அப்பிக்கொள்ளும். பெல்ட் தளர்ந்தால், வந்து சேரும் டேப்பை இழுத்துச் சுருட்ட வேண்டிய பக்கம் நின்றுவிடும். ஆனால் டேப்பை முன்னே தள்ளும் அச்சு சுழன்றுகொண்டே இருக்கும். போக இடமில்லாத டேப் உருளையைச் சுற்றிக்கொள்கிறது. ஆகவே பழைய டெக்கில் முதலில் போடுவது உங்கள் அரிய கேசட்டாக இருக்கவே கூடாது. கெட்டாலும் கவலையில்லாத ஒரு கேசட்டைப் போட்டு, இரு பக்கங்களையும் முழுமையாக ஓடவிட்டு, முன்னோட்டமும் பின்னோட்டமும் கடைசி வரை போகின்றனவா என்று பாருங்கள். டேப்பைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டையும் அச்சையும் ரப்பர் உருளையையும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால், பழுப்புக் கறை வராத வரை துடையுங்கள்.

கேசட்டையும் தனியாகப் பார்க்க வேண்டும். அதன் வாய்ப்பகுதியில் நடுவில், டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பதற்காகச் சிறிய கம்பளித் துண்டு ஒன்று இருக்கும். அது ஒட்டப்பட்டிருக்கும் பசையோ அடியில் இருக்கும் நுரையோ உலர்ந்து துண்டு உதிர்ந்துவிட்டால், பாட்டு மங்கிக் கேட்கும், ஒரு பக்க ஒலி வந்து வந்து போகும். டேப்பின் இரு முனைகளிலும் ஒட்டியிருக்கும் வெறும் பிளாஸ்டிக் பட்டையும் இதேபோல் பசை உலர்ந்து விட்டுப் போகக்கூடும். வேகமாகப் பின்னோட்டம் விடும்போது கடைசியில் படீரென்று அறுந்து போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். திருகாணி வைத்த கேசட் என்றால் கழற்றிச் சரிசெய்யலாம். திருகாணி இல்லாமல் உருக்கி ஒட்டிய கேசட் என்றால், கூட்டை மெதுவாக நெம்பிப் பிளந்து, உள்ளிருக்கும் இரு சுருள்களையும் வேறொரு திருகாணிக் கேசட்டின் கூட்டுக்கு மாற்ற வேண்டும். என் கேசட்டில் கம்பளித் துண்டு ஆடிக்கொண்டிருந்தது. அதை மாற்றும்போது கை நடுங்கியது என்றாலும் வேலை என்னவோ எளிதானதுதான்.

டெக்கை ஒரு பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தேன். பல வாரங்கள் காத்திருந்து, 190 டாலர் கட்டி வாங்கி வந்தேன். பெல்ட்டெல்லாம் புதிது, டேப் சிக்கவில்லை. ஆனால் கேட்கக் கேட்க ஏதோ ஒரு அவசரம் பாட்டில் இருப்பதுபோல் தோன்றிக்கொண்டே இருந்தது. யாங்கோவிக்கின் குரல் இயல்பிலேயே சற்று உயர்ந்தது, சொற்களை வேகமாக உருட்டிப் பாடுவதும் அவருடைய பாணி. அதனால் டேப் வேகமாக ஓடினாலும் காதுக்குச் சட்டென்று பிடிபடாது. கடைசியில் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். ‘ஈட் இட்’ ஏறக்குறைய 3 நிமிடம் 20 நொடி ஓட வேண்டிய பாட்டு. என் டெக்கில் அது பத்து நொடி முன்னதாகவே முடிந்தது. மோட்டாரின் வேகத்தைச் சரிபார்க்காமலே கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரரிடம் போய்ச் சொன்னபோது, பழைய இயந்திரம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று கைவிரித்துவிட்டார். எனக்குக் கோபம் தாங்கவில்லை. அவரிடமே மறுபடி கொடுப்பதைவிட வேறொன்று வாங்குவது மேல் என்று, பயன்படுத்திய டெக் ஒன்றை 120 டாலருக்கு, விற்பவர் வீட்டுக்கே போய் ஓட்டிப் பார்த்த பிறகு வாங்கினேன். பழுதுபார்க்கக் கொடுக்கும்போது வேகத்தைச் சோதனை டேப் வைத்து அளந்து தருவீர்களா என்று முதலிலேயே கேளுங்கள். ஹெட்டின் சாய்வையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். அது அணுவளவு பிசகினாலும் கூர்மையான ஒலிகள் மங்கிவிடும், டேப்தான் கெட்டுவிட்டது என்று நாம் தவறாக முடிவு கட்டிவிடுவோம். வாங்கி வந்ததும், நீளம் தெரிந்த ஒரு பாட்டைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். இது யாரும் செய்யக்கூடிய சோதனை, செலவும் இல்லை.

டெக் கடையில் இருந்த நாட்களில் இன்னொரு சங்கடமும் நேர்ந்தது. என் அக்கா மகன் 2000-ஆம் ஆண்டு வாக்கில், கோப்புப் பகிர்வு உச்சத்தில் இருந்தபோது, யாங்கோவிக் பெயரில் ஏராளமான பாடல்களைத் தரவிறக்கி ஒரு வட்டில் எழுதிக் கொடுத்திருந்தான். அவன் குடும்பத்தோடு வந்திருந்தபோது, அவனுடைய பத்து வயது மகள் கேட்கட்டும் என்று அந்த வட்டைப் போட்டேன். இரண்டாவது பாட்டிலேயே வாய்கூசும் சொற்கள் வந்தன. “சித்தி, இது அவர் பாட்டே இல்லை, நிறுத்துங்கள்” என்று அவன் பாய்ந்து வந்து நிறுத்தினான். பிறகு உட்கார்ந்து சரிபார்த்ததில், அந்த வட்டிலிருந்தவற்றில் பாதிக்குப் பாதி அவர் பாடியவையே அல்ல. அந்தக் காலத்தில் யார் பாடிய பகடியாக இருந்தாலும் அதில் யாங்கோவிக் பெயரை ஒட்டிப் பரப்பிவிட்டார்கள். குடும்பத்தோடு கேட்கும்படி எழுதுவதில் கவனமாக இருந்த ஒருவருக்கு இது எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும் என்று நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. அவரே இதைப் பற்றி வெளிப்படையாக வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். பழைய எம்பி3 தொகுப்பு எதையும் நம்பிப் பிள்ளைகள் முன் போட்டுவிடாதீர்கள். ஆல்பத்தின் முறையான பாடல் பட்டியலோடு ஒவ்வொரு கோப்பையும் ஒப்பிட்டு, பட்டியலில் இல்லாததை அழித்துவிடுங்கள்.

கசங்கிய கேசட்டால் குறையுற்ற முதல் பாட்டைக் குறையில்லாமல் கேட்க வேண்டும் என்பதற்காக, இசைத்தட்டு ஒன்றையும் வாங்கத் துணிந்தேன். இணையத்தில் ஒரு விற்பனையாளர் ‘நியர் மின்ட்’ (ஏறக்குறையப் புதியது) என்று தரம் குறித்திருந்ததை நம்பி, அஞ்சல் செலவோடு 45 டாலர் அனுப்பினேன். வந்த தட்டு கண்ணுக்குப் பளபளவென்று இருந்தது. சுழலவிட்டதும் விளிம்பு அலைபோல் எழும்பித் தாழ்ந்தது. முள் முதல் பாட்டின் தொடக்கத்தையே தாண்டித் தாண்டிக் குதித்தது. தட்டில் கீறல் இல்லையே, நான் சொன்ன தரம் சரிதான் என்று விற்பனையாளர் பிடிவாதம் பிடித்தார். நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு பாதிப் பணம்தான் திரும்பியது. தரக் குறிப்புகளைப் பற்றி ஒரு விஷயத்தை நெஞ்சில் நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்துக் குறித்த தரம் வேறு, ஓடவிட்டுக் கேட்டுக் குறித்த தரம் வேறு. எது என்று வாங்குவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தட்டு வளைந்திருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். ‘வெரி குட் பிளஸ்’ என்பது பொதுவாகக் கேட்கத் தகுந்தது. ‘குட்’ என்று மட்டும் போட்டிருந்தால் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், இரைச்சலும் கீறலும் நிறைந்த தட்டு என்றே அதற்குப் பொருள். தட்டை அட்டையுறைக்குள் வைக்காமல் வெளியே வைத்துக் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். உள்ளே வைத்து அனுப்பினால் வழியில் குலுங்கி அட்டையின் விளிம்பு கிழிந்துவிடும்.

இரண்டாவது தட்டை ஊரிலேயே ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில், அங்கிருந்த இயந்திரத்தில் இரு பக்கமும் போட்டுக் கேட்ட பிறகு, 15 டாலருக்கு வாங்கினேன். அதற்கு முன் என் இயந்திரத்தின் தேய்ந்த முள்ளுக்கு 70 டாலர் கொடுத்துப் புதிது மாற்றியிருந்தேன். தேய்ந்த முள் நல்ல தட்டையும் அறுத்துவிடும் என்பதால் இந்தச் செலவை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். கடையில் கேட்கும்போது முதல் பாட்டை மட்டும் கேட்டுவிட்டுத் திருப்தி அடையக் கூடாது. தட்டின் மையத்தை நெருங்க நெருங்க ஒலி சிதைவது அதிகமாகும். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டையும் கட்டாயம் கேட்க வேண்டும். இந்த ஆல்பத்தில் ஒரு பக்கத்தின் கடைசியில் இருப்பது பல வாத்தியங்கள் முட்டி மோதும் போல்காக் கதம்பம், மறுபக்கத்தின் கடைசியில் இருப்பது ஆல்பத்திலேயே பெரிய ஒலியமைப்புக் கொண்ட ‘நேச்சர் டிரெய்ல் டு ஹெல்’. இரண்டும் தேய்ந்த தட்டில் வெறும் இரைச்சலாகிவிடும்.

இவ்வளவும் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கேட்க உட்கார்ந்தேன். அதற்கு முன் நான் செய்த ஒரு காரியத்தை எல்லோருக்கும் பரிந்துரைப்பேன்: பகடிக்கு முன் மூலப் பாட்டு ஐந்தையும் வரிசையாகக் கேட்டேன். ‘பீட் இட்’, மென் விதவுட் ஹேட்ஸ் குழுவின் ‘தி சேஃப்டி டான்ஸ்’, கிரெக் கின் பேண்டின் ‘ஜியோபர்டி’, தி போலீஸின் ‘கிங் ஆஃப் பெயின்’, ‘ராக்கி 3’ படத்துக்காக சர்வைவர் குழு பாடிய ‘ஐ ஆஃப் தி டைகர்’. நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த மெட்டு காதில் இருப்பவருக்குத்தான் புதுச் சொற்களின் சாமர்த்தியம் முழுவதும் விளங்கும். 1984-இல் வானொலியைத் திறந்தவர்களுக்கு இந்த ஐந்து பாட்டும் காதில் தாமாகவே இருந்தன. ‘ஜியோபர்டி’ 1983 மே மாதம் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் நின்றபோது, அதை முதலிடத்துக்குப் போகவிடாமல் மேலே இருந்த பாட்டு ‘பீட் இட்’. அந்த இரண்டையுமே ஒரே ஆல்பத்தில் பகடி செய்திருக்கிறார் என்பதை நான் இத்தனை ஆண்டுகள் கழித்துத்தான் கவனித்தேன்.

மூலத்தைக் கேட்டுவிட்டுப் பகடிக்கு வரும்போது முதலில் வியக்க வைப்பது நகைச்சுவையைவிட வாசிப்புதான். யாங்கோவிக்கின் குழுவினரான ஜிம் வெஸ்டின் கிடாரும், ஸ்டீவ் ஜேயின் பேஸும், ஜான் ‘பெர்முடா’ ஷ்வார்ட்ஸின் டிரம்ஸும் மூலப் பதிவின் ஒவ்வொரு ஒலியையும் எவ்வளவு பொறுப்பாகப் பிரதியெடுக்கின்றன என்பது, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் தெரிகிறது. ‘பீட் இட்’ பாட்டில் எடி வான் ஹேலன் வாசித்த புகழ்பெற்ற தனி கிடார்ப் பகுதிக்கு ஈடாக, இங்கே ஆல்பத்தின் தயாரிப்பாளரும் கிடார் கலைஞருமான ரிக் டெரிங்கரே வாசிக்கிறார். அந்த வாசிப்பு ஏறி ஏறிப் போய் ஒரு வெடிச் சத்தத்தில் முடிகிறது. டெரிங்கர் 2025-இல் மறைந்த செய்தியைப் படித்திருந்ததால், அந்த இடத்தைத் தட்டில் இரண்டு முறை திரும்பக் கேட்டேன். சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையிடம் உலகத்துப் பசியையெல்லாம் சொல்லி வாயில் ஊட்டப் பார்க்கும் அந்தப் பாட்டை, வந்த புதிதில் அடிக்குறிப்பு இல்லாமலே நான் புரிந்துகொண்டேன் என்பதில் என்ன வியப்பு? அதே வசனத்தை என் பாட்டி எனக்குச் சொல்லாத நாளில்லை.

மற்ற பாடல்களுக்கு அடிக்குறிப்பு தேவைப்படுகிறது. இன்று முதன்முறையாகக் கேட்பவர்கள் இதை அறிந்துகொண்டு கேட்டால் இழப்பு குறையும். ‘ஐ லாஸ்ட் ஆன் ஜியோபர்டி’ என்பது ‘ஜியோபர்டி’ என்ற தொலைக்காட்சி வினாடி வினாவில் தோற்றவனின் புலம்பல். அதே பெயரில் அலெக்ஸ் டிரெபெக் பின்னர் நடத்திய நிகழ்ச்சியை நினைத்துக்கொண்டு இதைக் கேட்டால் இடறும், ஏனென்றால் அது தொடங்கியது இந்த ஆல்பம் வந்து சில மாதங்கள் கழித்து, 1984 செப்டம்பரில். பாட்டு குறிப்பிடுவது ஆர்ட் ஃபிளெமிங் நடத்திய பழைய நிகழ்ச்சியை. அதன் அறிவிப்பாளராக இருந்த டான் பார்டோவே பாட்டின் நடுவில் வந்து தோற்றவனை இடித்துரைக்கிறார். மூலப் பாட்டின் கிரெக் கின், பகடியின் காணொளியில் கடைசியில் காரோட்டி வருகிறார். பகடிக்கு உள்ளானவர்கள் தாங்களே வந்து கலந்துகொள்ளும் இந்த இணக்கம் தற்செயலானதல்ல. அமெரிக்கச் சட்டம் பகடிக்கு ஓரளவு இடம் கொடுத்தாலும், மூலக் கலைஞரிடம் அனுமதி கேட்காமல் வெளியிடுவதில்லை என்பது யாங்கோவிக் கடைப்பிடித்து வரும் வழக்கம். மைக்கேல் ஜாக்சன் மனமுவந்து அனுமதித்தார். பாப் பாடகர் பிரின்ஸ் ஒவ்வொரு முறையும் மறுத்தார், இவரும் அதை மதித்து ஒதுங்கினார்.

‘மிஸ்டர் போபீல்’ எனக்கு அன்று சுத்தமாகப் புரியாத பாட்டு. இன்று ஆல்பத்திலேயே அதிகம் பிடித்துப்போனது. இது எந்தப் பாட்டின் மெட்டும் அல்ல, தி பி-52ஸ் குழுவின் பாணியை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதிய சொந்தப் பாட்டு. காய்கறி நறுக்கும் ‘வெஜ்-ஓ-மேட்டிக்’ போன்ற கருவிகளைத் தொலைக்காட்சியில் கூவிக் கூவி விற்ற போபீல் குடும்பத்தைப் பற்றியது. பின்னணியில் பாடியிருக்கும் பெண் குரல்களில் ஒன்று அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சாமுவேல் போபீலின் சொந்த மகள் லிசா போபீலுடையது என்று பின்னர் அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ‘தி பிரேடி பஞ்ச்’ 1969 முதல் 1974 வரை ஓடிய குடும்பத் தொடரைப் பற்றியது. அந்தத் தொடரின் முகப்புப் பாடலின் சொற்களையும் ‘தி சேஃப்டி டான்ஸ்’ மெட்டில் ஏற்றிப் பாடுகிறார். தொடரின் முகப்பை ஒரு முறை பார்த்துவிட்டுக் கேட்டால் சிரிப்பு தானாக வரும். குத்துச்சண்டை வீரன் ராக்கி, இறைச்சியும் ரொட்டியும் விற்கும் ‘டெலி’ கடை வைத்துவிடும் ‘தீம் ஃப்ரம் ராக்கி 13’ பாட்டுக்கு விளக்கம் தேவையில்லை. ‘தட் பாய் குட் டான்ஸ்’ அன்றும் என்னை ஈர்க்கவில்லை, இன்றும் இல்லை.

மனம் ஒப்பாத இடமும் ஒன்று உண்டு. ரெகே இசையின் ஒலியில், ஜமைக்காக்காரர் ஒருவர் அமெரிக்கப் புறநகர் வாழ்க்கைக்கு ஆசைப்படுவதாக வரும் ‘பை மீ எ காண்டோ’ பாட்டை, அந்த மக்களின் உச்சரிப்பைப் போலச் செய்து பாடியிருக்கிறார். வேறு நாட்டிலிருந்து வந்து, என் உச்சரிப்பைப் பிறர் செய்துகாட்டிச் சிரித்ததைப் பார்த்தவள் என்ற முறையில், என்னால் அதை இப்போது சிரித்துக்கொண்டு கேட்க முடியவில்லை. இருபது வயதில் கவனிக்காமல் கடந்த இடத்தில் இன்று நின்றுவிட்டேன். பிள்ளைகளோடு கேட்பவர்கள் இதைப் பற்றி அவர்களிடம் பேசிவிட்டுக் கேட்பது நல்லது என்பது என் எண்ணம்.

‘போல்காஸ் ஆன் 45’ கதம்பத்தைப் பற்றிச் சொல்லாமல் கிளீவ்லாந்துக்காரி ஒருத்தி இதை முடிக்க முடியாது. தி பீட்டில்ஸ், தி டோர்ஸ், டீப் பர்ப்பிள், தி ரோலிங் ஸ்டோன்ஸ், தி கிளாஷ் என்று முறைத்த முகத்தோடு நின்ற ராக் குழுக்களின் பாடல்களையெல்லாம் அக்கார்டியன் போல்காவில் கோத்து, நாலு நிமிடச் சொச்சத்தில் ஓட்டிவிடுகிறார். போல்கா என் ஊரின் இசை. ஸ்லோவேனியக் குடியேறிகளின் பிள்ளையாக இங்கே வளர்ந்து ‘போல்கா மன்னர்’ என்று பெயரெடுத்த ஃபிராங்கி யாங்கோவிக்குக்கும் இவருக்கும் உறவேதும் இல்லை. ஆனால் அந்தப் பெயர் ஒற்றுமையும், மகனுக்கு அக்கார்டியன் கற்றுக்கொடுக்கலாம் என்று பெற்றோர் முடிவு செய்ததற்கு ஒரு காரணம். வந்த புதிதில் நான் இதை வெறும் கேலி என்று எண்ணியிருந்தேன். இங்கே திருமண மண்டபங்களில் போல்காவுக்கு முதியவர்கள் கைகோத்து ஆடுவதைப் பல ஆண்டுகள் பார்த்த பிறகு கேட்கும்போது, அதிலிருக்கும் அக்கார்டியன் வாசிப்பு எத்தனை சுத்தமானது, எத்தனை அன்போடு வாசிக்கப்பட்டது என்பது தெரிகிறது.

கேட்டு முடித்ததும் கேசட்டையும் தட்டையும் கணினிக்கு மாற்றினேன். இதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்கின் ‘லைன் அவுட்’ துளையிலிருந்து கணினியின் அல்லது ஒரு சிறு ஒலிக்கருவியின் ‘லைன் இன்’ துளைக்கு இணையுங்கள். ஒலிவாங்கித் துளையில் செருகினால் ஒலி பிளந்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள் போதும். பதிவின் உச்ச அளவு சிவப்பைத் தொடாமல் சற்றுக் கீழேயே இருக்கட்டும். குறைவாகப் பதிவானதைப் பிறகு உயர்த்தலாம், பிளந்ததை ஒட்ட முடியாது. கேசட்டில் இரைச்சலைக் குறைக்கும் முறையான டால்பியின் குறி இருந்தால் டெக்கிலும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். மென்பொருளின் இரைச்சல் நீக்கும் வசதியை அளவு மீறிப் பயன்படுத்தினால் குரலின் உயிரும் சேர்ந்து போய்விடும்; ஆகவே முதலில் எதையும் மாற்றாத ஒரு பிரதியைத் தனியாகச் சேமித்துவிட்டுப் பிறகு இன்னொன்றில் வேலை செய்யுங்கள்.

கணினியில் ஏறிய பிறகுதான் ‘நேச்சர் டிரெய்ல் டு ஹெல்’ பாட்டின் ஒரு மர்மம் எனக்கு அவிழ்ந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில், ராக் இசைத்தட்டுகளைப் பின்னோக்கிச் சுழற்றினால் சாத்தானின் செய்தி கேட்கிறது என்று அமெரிக்கத் தேவாலயங்களிலும் சட்டமன்றங்களிலும் பெரிய பீதி கிளம்பியிருந்தது. திகில் படங்களைக் கேலி செய்யும் இந்தப் பாட்டின் நடுவில் புரியாத முணுமுணுப்பு ஒன்று வரும். அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, ஆடாசிட்டியில் ‘ரிவர்ஸ்’ கட்டளை கொடுத்துக் கேட்டேன். சாத்தான் ‘சீஸ் விஸ்’ என்ற பாலாடைக்கட்டிக் குழம்பைத் தின்கிறான் என்று தெளிவாகச் சொல்கிறது. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். தட்டைக் கையால் பின்னோக்கிச் சுழற்றி இதைக் கேட்க முயலாதீர்கள், முள்ளும் பள்ளமும் இரண்டும் கெடும்.

ஆல்பத்தைக் கேட்டால் மட்டும் போதும், பழைய கேசட் மேல் எனக்குத் தனிப் பற்று இல்லை என்பவர்கள் இத்தனை தொல்லைக்குப் போகவே வேண்டாம். அவருடைய 14 ஆல்பங்களையும் ஒலி மெருகேற்றி 2017-இல் அக்கார்டியன் வடிவப் பெட்டியில் வெளியிட்டார்கள். அந்தப் பெட்டி இல்லாவிட்டாலும் ‘இன் 3-டி’ பாடல்கள் சந்தா இசைச் செயலிகளிலும் இருக்கின்றன. சொந்தக் கேசட்டையே கேட்க வேண்டும் என்றால், முதலில் டெக், பிறகு கேசட்டின் கம்பளித் துண்டு, பிறகு வேகம் என்று அந்த வரிசையில் பாருங்கள். முதல் முறை ஓடும்போதே கணினியில் பதிவாகும்படி இணைப்பைத் தயாராக வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள், ஏனென்றால் இரண்டாவது முறை அந்த டேப் ஓடும் என்பதற்கு யாரும் உறுதி சொல்ல முடியாது.